எட்டு ஸ்விட்ச், இரண்டு ஊர், ஓர் ஆள்: சான் கண்காணிப்புக்கு எதை எடுப்பது?

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர், கரண்ட் கிடையாது. காலை ஒன்பது மணிக்கு என் போனுக்கு வரிசையாக எட்டுச் செய்திகள் வந்தன. சென்னையில் நான்கு, ஹைதராபாத்தில் நான்கு என்று எங்கள் சான் (சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் தனி நெட்வொர்க்) ஸ்விட்ச்சுகள் எட்டும் பதில் தரவில்லை. ஒரு சின்ன கிளவுட் விஎம்மிலிருந்து (மெய்நிகர் சர்வர்) அவற்றுக்கு பிங் அடித்துப் பார்க்கும் ஏற்பாடு வைத்திருந்தோம். அப்போது எங்களிடம் இருந்த கண்காணிப்பு அவ்வளவுதான். ஸ்டோரேஜே போய்விட்டதா, ஸ்விட்ச்சுக்குப் போகும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. கடைசியில் கோயம்புத்தூர் கிளையில் ஒருவரைப் போனில் பிடித்து, "சார், பில் போட முடியுதா?" என்று கேட்டேன். "அது பாட்டுக்குப் போகுதே சார்" என்றார். டேட்டா சென்டர் ஜெனரேட்டரில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் விபிஎன் (வெளியிலிருந்து ஸ்விட்ச்சுகளுக்குப் போகும் பாதுகாப்பான வழி) வந்து முடியும் அலுவலகக் கட்டடத்தில்தான் ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் இந்த ஒப்பீட்டை உட்கார்ந்து செய்தேன். முதலில் எங்கள் நிலவரம். சென்னையில் ப்ரோகேட் ஜி620 நான்கு, ஹைதராபாத்தில் பழைய 6510 நான்கு. ஒன்றோடொன்று இணைந்த ஸ்விட்ச்சுகளின் தொகுதியை ஃபேப்ரிக் என்பார்கள்; ஒவ்வொரு ஊரிலும் ஃபேப்ரிக் ஏ, ஃபேப்ரிக் பி என்று இரண்டு. ஊர் விட்டு ஊர் ஃபேப்ரிக் சேரவில்லை, டேட்டாவின் நகல் மட்டும் ஐபி வழியாகப் போகிறது. எல்லாம் சேர்த்து 450 போர்ட்டுக்குள். ஸ்டோரேஜுக்கு நான் ஒருவன்தான், இரவு ஷிஃப்டில் சர்வர் டீம் பார்த்துக்கொள்ளும். ஏறத்தாழ இந்த அளவில் இருப்பவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். டைரக்டர் வகைப் பெரிய ஸ்விட்ச்சும் ஆயிரக்கணக்கில் போர்ட்டும் வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு மாறும். அதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

லேன் ஸ்விட்ச் பார்த்துப் பழகியவர்கள் சான் ஸ்விட்ச்சுக்கு வரும்போது மூன்று விஷயங்கள் இடறும். நிர்வாகத்துக்கான ஈத்தர்நெட் போர்ட் வேறு, டேட்டா ஓடும் பாதை வேறு. நிர்வாகப் போர்ட் செத்துக் கிடந்தாலும், சானில் டேட்டா ஓடும் முறையான ஃபைபர் சேனல் நிற்காது. அன்று காலை இதை நிதானமாக நினைத்திருந்தால் எனக்குப் பதற்றம் பாதி குறைந்திருக்கும். இரண்டாவது, ஒரு ஸ்விட்ச்சில் உட்கார்ந்து ஜோனிங்கை (எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜோடு பேசலாம் என்ற பட்டியல்) மாற்றினால் அது அந்த ஃபேப்ரிக்கில் உள்ள எல்லா ஸ்விட்ச்சுக்கும் பரவிவிடும். ஒரு பெட்டியில் செய்த தவறு ஒரு பெட்டியோடு நிற்காது. மூன்றாவதுதான் கண்காணிப்பைக் கடினமாக்குவது. லேனில் நெரிசல் வந்தால் பாக்கெட் விழும், டிசிபி மறுபடி அனுப்பிக்கொள்ளும். ஃபைபர் சேனலில் டோக்கன் முறை. எதிர்முனை எத்தனை ஃப்ரேம் வாங்க இடம் வைத்திருக்கிறதோ அத்தனை கிரெடிட் கொடுக்கும், கிரெடிட் தீர்ந்தால் அனுப்புபவர் காத்திருக்க வேண்டும். ஒரு சர்வர் மந்தமாக கிரெடிட்டைத் திருப்பிக் கொடுத்தால், அதற்குப் பின்னால் ஸ்விட்ச்சுகளை இணைக்கும் லிங்க் வரை வரிசை நிற்கும். சம்பந்தமே இல்லாத இன்னொரு சர்வரின் டேட்டாபேஸ் மெதுவாகும். ஸ்விட்ச்சில் எல்லா விளக்கும் பச்சையாகவே இருக்கும்.

ஆகையால் எந்தக் கருவியை எடுத்தாலும் என் முதல் கேள்வி இதுதான்: கிரெடிட் இல்லாமல் ஒரு போர்ட் காத்துக் கிடந்த நேரத்தை இது எனக்குக் காட்டுமா? போர்ட் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதை எல்லாக் கருவியும் காட்டும்.

ஸ்விட்ச்சிலேயே இருப்பதை வைத்து ஓட்டுவது

செலவில்லாத வழி. உள்ளே நுழைவதற்கென்று இடையில் வைக்கும் ஒரு ஜம்ப் சர்வர், அதிலிருந்து ஸ்விட்ச்சின் கட்டளை வரிக்கு எஸ்எஸ்ஹெச், ஸ்விட்ச்சே அனுப்பும் மின்னஞ்சல். இதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ப்ரோகேட் ஸ்விட்ச்சின் ஃபர்ம்வேரான ஃபேப்ரிக் ஓஎஸ்ஸில் 7.2 முதல் மேப்ஸ் என்ற கண்காணிப்புப் பகுதி ஸ்விட்ச்சுக்குள்ளேயே இருக்கிறது. கன்சர்வேட்டிவ், மாடரேட், அக்ரெசிவ் என்று தயாராக மூன்று கொள்கைகள் வரும். ஒன்றை இயக்கி, மெயில் ரிலே முகவரியைக் கொடுத்துவிட்டால் சிஆர்சி பிழை (ஃப்ரேம் கெட்டுப்போனதன் அடையாளம்), எஸ்எஃப்பியின் (போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூல்) ஒளி அளவு, சூடு, மின்விசிறி என்று எல்லை தாண்டியதும் அதுவே சொல்லும். வெளியே இருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எட்டிப் பார்க்கும் எந்தக் கருவியையும் விட இது நோய்க்கு அருகில் இருக்கிறது. ஃபேப்ரிக் விஷன் லைசென்ஸ் இல்லாவிட்டால் அடிப்படைக் கொள்கையோடு நிற்க வேண்டியதுதான். மந்தமான சர்வரைப் பிடிக்கும் பகுதி அதில் கிடைக்காது. உங்கள் ஸ்விட்ச் ஹெச்பிஇ, டெல், ஐபிஎம் பெயரில் வந்திருந்தால் இந்த லைசென்ஸ் கூடவே வந்திருக்க வாய்ப்புண்டு. புதிதாக எதையும் வாங்கும் முன் லைசென்ஸ் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். நாங்கள் பார்த்தபோது ஜி620 நான்கிலும் இருந்தது, யாரும் இயக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை. மேப்ஸ் ஒரு போர்ட்டைத் தானாகவே மூடவும் செய்யும், ஃபென்சிங் என்பார்கள். முதல் இரண்டு மாதம் அதைத் தொட வேண்டாம். உங்கள் ஃபேப்ரிக்கில் எது சகஜம், எது கோளாறு என்று தெரியாத காலத்தில் அது நல்ல போர்ட்டை மூடிவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்திருக்கப் போவது நீங்கள்தான்.

நேரடிக் கட்டளைகளில் நான் தினமும் நம்புவது போர்ட்எர்ஷோ. அதில் வரும் சிஆர்சி எர், சிஆர்சி ஜி_இஓஎஃப் என்ற இரண்டு பத்திகளின் வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். கெட்டுப்போன ஒரு ஃப்ரேம் நான்கு போர்ட்டைக் கடந்து போனால் நான்கிலும் முதல் பத்தி ஏறும். அது முதலில் எங்கே கெட்டதோ அந்த லிங்க்கில் மட்டும்தான் இரண்டாவது பத்தியும் ஏறும். வேறு ஓர் இடத்தில் நான் வேலை பார்த்தபோது, இது தெரியாமல் ஒரே வாரத்தில் மூன்று எஸ்எஃப்பியை மாற்றினோம். மூன்றும் நல்லவை. பழுது இரண்டு ஸ்விட்ச்சுக்கு அப்பால் மடங்கிக் கிடந்த ஒரு கேபிளில் இருந்தது.

இந்த வழியின் குறை நினைவாற்றல் இல்லாததுதான். எண்ணிக்கைகள் கடைசியாக அழித்த நாளிலிருந்து கூடிக்கொண்டே வருபவை. 12 ஆயிரம் பிழை என்று இருந்தால் அது நேற்று வந்ததா, போன வருடம் கேபிள் மாற்றியபோது வந்ததா? நேற்றைய எண் கையில் இல்லாமல் இன்றைய எண்ணுக்குப் பொருளில்லை. போதாததற்கு, போர்ட்எர்ஷோ பெரிய எண்களைச் சுருக்கி 1.2கே என்று காட்டும், நடுவில் நடந்த சிறு ஏற்றம் மறைந்துவிடும்.

ஸ்விட்ச்சைப் பிரவுசரில் பார்க்கும் வெப் டூல்ஸ் திரையைப் பற்றி ஒரே வார்த்தை. ஜி620இல் ஃபேப்ரிக் ஓஎஸ் 9 போட்டிருந்தால் பிரவுசரிலேயே நன்றாகத் திறக்கும். 6510 அந்தப் பதிப்புக்கு ஏறாது, 8.2 வரிசையோடு நின்றுவிடும். அதன் திரைக்கு ஜாவா வேண்டும். குரோம் 2015இல் ஜாவா பிளக்இன்னைக் கைவிட்டது, ஃபயர்பாக்ஸ் 2017இல் கைவிட்டது, ஜாவா 11இல் வெப் ஸ்டார்ட்டே கிடையாது. அந்த ஒரு திரைக்காகப் பழைய விண்டோஸ் விஎம் ஒன்றைப் பாதுகாப்பு ஓட்டைகளோடு உயிரோடு வைத்திருப்பதை விட, கட்டளை வரியைப் பழகிக்கொள்வது நல்லது.

எஸ்என்எம்பியும் திறந்த மூலக் கருவிகளும்

எஸ்என்எம்பி என்பது ஸ்விட்ச் போன்ற பெட்டிகளின் எண்களை வெளியிலிருந்து வாசிக்கும் பொது முறை. அதை வைத்து ஓடும் ஜாபிக்ஸ், லிப்ரேஎன்எம்எஸ் இரண்டும் சான் ஸ்விட்ச்சை அறிந்தவை. ஜாபிக்ஸில் ப்ரோகேட் எஃப்சிக்கென்றே (ஃபைபர் சேனல்) டெம்ப்ளேட் உண்டு. லிப்ரேஎன்எம்எஸ் தானாகவே கண்டுபிடித்துப் போர்ட்டுகளை வரிசையாகப் போட்டுவிடும். ஏற்கெனவே நெட்வொர்க் டீம் இவற்றில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தால் அரை நாளில் எட்டு ஸ்விட்ச்சையும் சேர்த்துவிடலாம். நேற்றைய எண் இல்லை என்று மேலே சொன்ன குறை இங்கே தீர்கிறது. ஒரு வருட வரைபடம் கையில் இருந்தால் போர்ட் 14இல் பிழை ஏறத் தொடங்கிய நாளையும், அன்று யார் ரேக்கைத் திறந்தார்கள் என்பதையும் ஒப்பிட முடியும்.

இதில் பலர் விழும் ஒரு குழி இருக்கிறது, நானும் விழுந்தேன். எஸ்என்எம்பி வாசிக்கும் எண்களின் பட்டியலை மிப் என்பார்கள். ப்ரோகேட்டின் பழைய எஸ்டபிள்யூ மிப்பில் போர்ட் அனுப்பிய அளவைச் சொல்லும் எண் 32 பிட். அது பைட்டை எண்ணாது, 4 பைட் கொண்ட வேர்டை எண்ணும். 16 ஜிகாபிட் போர்ட் முழு வேகத்தில் வினாடிக்குச் சுமார் 1,600 மெகாபைட் தள்ளும், அதாவது 40 கோடி வேர்டு. 32 பிட் எண் சுமார் 429 கோடியில் நிரம்பிப் பூஜ்ஜியத்துக்குத் திரும்பும். பதினோரு வினாடிக்குள் ஒரு சுற்று முடிந்துவிடும். 32 ஜிகாபிட் போர்ட்டில் ஐந்தரை வினாடி. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வாசிக்கும் கருவி, இடையில் எத்தனை சுற்று போனது என்று தெரியாமல், ஏதோ ஓர் எண்ணை வரைந்துகொண்டிருக்கும். பார்க்க அழகான வளைகோடுதான், பொருள் கிடையாது. எங்கள் பேக்கப் நேரத்தில் லிங்க் பாதிகூட நிரம்பவில்லை என்று மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில் அது உச்சத்தில் ஓடியது. ஐஎஃப் மிப்பின் 64 பிட் எண்களையோ, எஃப்சி மேனேஜ்மென்ட் மிப்பின் எண்களையோ எடுக்கிறதா என்று டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்துவிட்டு நம்புங்கள்.

எஸ்என்எம்பி பதிப்பு 2சி வேண்டாம், அதில் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி சொல் திறந்தபடியே வயரில் போகும். பதிப்பு 3 வையுங்கள். வாசிக்க மட்டும் அனுமதி கொடுங்கள். இன்னொன்று, ஸ்விட்ச்சின் நிர்வாக சிபியு சின்னது. நெட்வொர்க் டீமின் ஜாபிக்ஸ், ஸ்டோரேஜ் விற்றவரின் கருவி, பழைய கருவி ஒன்று என்று மூன்று பேர் நிமிடத்துக்கு ஒரு முறை மிப்பின் முழு மரத்தையும் வாசித்தால் எஸ்எஸ்ஹெச் உள்ளே நுழையவே தடுமாறும். டேட்டா ஓடும், ஆனால் கோளாறு நேரத்தில் உங்களால் உள்ளே போக முடியாது.

எஸ்என்எம்பியோடு, ஸ்விட்ச் தன் செய்திகளை வெளியே அனுப்பும் சிஸ்லாக்கையும் சேர்த்தே எண்ணுங்கள். மேப்ஸ் எழுதும் செய்திகள் ஒரு பொது சர்வரில் வந்து விழுந்தால், எட்டு ஸ்விட்ச்சின் கதையையும் நேர வரிசையில் வாசிக்கலாம். அதற்கு எட்டிலும் கடிகாரம் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களுடையவற்றில் இரண்டு, கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி இல்லாததால் பதினேழு நிமிடம் பின்தங்கியிருந்தன. எது முதலில் விழுந்தது என்ற கேள்விக்கு விடையே கிடைக்காமல் ஒரு நாள் முழுக்க அலைந்தோம்.

சான்நாவ்

ப்ரோகேட்டை 2017இல் வாங்கிய பிராட்காம், பழைய நெட்வொர்க் அட்வைசருக்குப் பதிலாகக் கொண்டுவந்தது சான்நாவ் மேனேஜ்மென்ட் போர்ட்டல். நான் ஒப்பிட்டதில் சானை முழுமையாகப் புரிந்துகொண்ட கருவி இதுதான். எந்த சர்வர் எந்த ஜோனில் எந்த ஸ்டோரேஜ் போர்ட்டோடு பேசுகிறது, பாதையில் எந்த லிங்க் நெரிகிறது என்பதை ஒரே திரையில் கோர்த்துக் காட்டுகிறது. இதே வேலையை ஜாபிக்ஸில் செய்ய வேண்டுமானால், எந்தப் போர்ட்டில் எது என்று நீங்களே பெயர் வைத்து, மனத்துக்குள்ளே படம் வரைய வேண்டும். ஜோனிங் மாற்றம், ஃபர்ம்வேர் ஏற்றம், கான்ஃபிக் பேக்கப் எல்லாம் அதே இடத்தில்.

லைசென்ஸ் இரண்டு வகை. பேஸ் என்பது 600 போர்ட் வரை, டைரக்டர்களைச் சேர்க்க முடியாது. எண்டர்பிரைஸ் 15,000 போர்ட் வரை, டைரக்டரும் உண்டு. எங்கள் 450 போர்ட்டுக்கு பேஸ் போதும். ஒரே ஒரு டைரக்டர் உள்ளே வந்தாலும் எண்டர்பிரைஸ்தான். ஸ்விட்ச்சை யார் பெயரில் வாங்கினீர்களோ அவர் வழியாகத்தான் விலையும் சப்போர்ட்டும் என்பதால் ஒருவருக்குக் கிடைத்த விலை இன்னொருவருக்குக் கிடைக்காது. அதனால் இங்கே தொகை எழுதவில்லை.

விலையை விடப் பெரிய செலவு அதை உயிரோடு வைத்திருப்பது. சான்நாவ் தனக்கென்று ஒரு லினக்ஸ் சர்வரைக் கேட்கும், அதில் வேறு எதையும் ஓட்ட முடியாது. எங்கள் அளவுக்கே 16 விசிபியு, 48 ஜிபி மெமரி என்று கேட்டது. எட்டு ஸ்விட்ச்சைப் பார்க்க, எங்கள் பில்லிங் விஎம்மை விடப் பெரிய விஎம். எந்த லினக்ஸ் பதிப்பு, எந்த சான்நாவ் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்குத் தாவலாம், எந்த ஃபேப்ரிக் ஓஎஸ்ஸை ஏற்கும் என்று ஒவ்வொரு முறையும் அட்டவணை பார்த்துத்தான் நகர வேண்டும். 6510 போன்ற பழைய தலைமுறை எத்தனை பதிப்பு வரை ஏற்கப்படும் என்பதையும் அங்கேதான் பார்க்க வேண்டும். ஸ்டோரேஜுக்கென்று ஒருவர் மட்டும் இருக்கும் இடத்தில் வருடத்துக்கு இரண்டு வார இறுதி இதற்கே போகும். நாலைந்து பேர் கொண்ட குழுவாக இருந்து, டைரக்டர்களும் இருந்தால், நான் தயங்காமல் சான்நாவை எடுப்பேன். அந்த அளவில் கட்டளை வரியை வைத்து ஜோனிங்கைக் காப்பாற்றுவது மனிதர்களால் முடிகிற காரியம் இல்லை.

சிஸ்கோவின் எம்டிஎஸ் சான் ஸ்விட்ச் வைத்திருப்பவர்களுக்கு இதே இடத்தில் வருவது நெக்சஸ் டாஷ்போர்டு; பழைய டிசிஎன்எம், பதிப்பு 12இல் அதன் ஃபேப்ரிக் கன்ட்ரோலராகப் பெயர் மாறி வந்தது. அதற்கும் தனி மேடை வேண்டும், எடைக் கணக்கு ஒன்றுதான். ஐபிஎம் ஸ்டோரேஜ் இன்சைட்ஸ் போன்ற கிளவுட் சேவைகளும் ஸ்விட்ச்சைப் பார்க்கும். ஸ்டோரேஜும் அவர்களுடையதே என்றால் யோசிக்கலாம். ஆனால் பார்க்க மட்டும்தான், மாற்றம் செய்ய வேறு வழி வைத்திருக்க வேண்டும்.

ரெஸ்ட் ஏபிஐ: சொந்தக் கை

ஃபேப்ரிக் ஓஎஸ் 8.2 முதல் ஸ்விட்ச்சிலேயே ரெஸ்ட் ஏபிஐ (நம் ஸ்கிரிப்ட் நேராக எண்களைக் கேட்டு வாங்கும் வாசல்) இருக்கிறது. எங்கள் பழைய 6510இலும் அது உண்டு என்பது இந்த ஒப்பீட்டில் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி. பைத்தானில் ஐம்பது அறுபது வரி எழுதினால் எல்லாப் போர்ட்டின் எண்களையும் சுருக்காமல், முழுதாக எடுக்கலாம். கிரெடிட் பூஜ்ஜியமாகக் கிடந்த நேரம் உட்பட.

அந்த எண்ணை வாசிக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால் மந்தமான சர்வரை நீங்களே பிடிக்கலாம். போர்ட் கிரெடிட் இல்லாமல் காத்திருக்கும் ஒவ்வொரு 2.5 மைக்ரோ வினாடிக்கும் அது ஒன்று கூடும். ஒரு வினாடி முழுக்கக் காத்திருந்தால் 4 லட்சம், ஒரு நிமிடம் முழுக்க என்றால் 2.4 கோடி. நிமிடத்துக்கு 24 லட்சம் கூடுகிறது என்றால் அந்தப் போர்ட் பத்தில் ஒரு பங்கு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. எண் பெரிதாகத் தெரிகிறதே என்று பயப்படத் தேவையில்லை, சதவீதமாக மாற்றிப் பாருங்கள். எங்களிடம் மாதக் கடைசியில் டேட்டாபேஸ் இழுத்ததற்குக் காரணம், ரிப்போர்ட் எடுக்கும் ஒரு பழைய 8 ஜிகாபிட் சர்வர். அதன் போர்ட்டில் அந்த நாட்களில் மட்டும் நாற்பது சதவீதம் வரை ஏறியது. டேட்டாபேஸ் சர்வரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஆறு மாத மின்னஞ்சல்கள் அன்றோடு நின்றன.

குறைகளும் உண்டு. ரெஸ்ட் செஷன்கள் இயல்பாக மூன்றுதான். ஸ்கிரிப்ட் லாக்அவுட் செய்யாமல் நடுவில் செத்தால் அடுத்த ஓட்டம் உள்ளே நுழையாது. எழுதியவர் வேலை மாறிப் போனால் ஸ்கிரிப்ட் அனாதை. அதனால் பார்ப்பதற்கு மட்டும் ஏபிஐயைப் பயன்படுத்துங்கள், முடிந்தவரை சின்னதாக வையுங்கள், இன்னொருவர் வாசித்துப் புரிந்துகொண்டாரா என்று கேட்டுவிடுங்கள்.

பார்ப்பது ஒன்று, மாற்றுவது வேறொன்று

விற்பனையாளர்கள் எல்லாம் ஒரே இடத்தில் என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். இந்த ஒப்பீட்டை முடிக்கும்போது எனக்கு எதிர் அபிப்பிராயம் வந்துவிட்டது. பார்க்கும் வேலைக்கு இருபது பேருக்கு அனுமதி கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். மாற்றும் வேலைக்கு இரண்டு பேர் போதும். இரண்டுக்கும் ஒரே கருவி வாங்கினால், வரைபடம் பார்க்க வந்தவர் கையிலும் ஜோனிங் பட்டன் வந்துவிடுகிறது. அனுமதிகளைப் பிரித்து வைக்கலாம்தான். சிறிய இடங்களில் யாரும் பிரித்து வைத்து நான் பார்த்ததில்லை.

ஒரு தவறான கான்ஃபிக்கை இயக்கினால், அல்லது இருப்பதை முடக்கினால், அந்த ஃபேப்ரிக்கில் உள்ள சர்வர் அத்தனையும் ஒரே நொடியில் தன் டிஸ்க்கைத் தொலைக்கும். இரண்டு ஃபேப்ரிக் வைத்திருப்பதே அப்போது இன்னொன்று தாங்கட்டும் என்றுதான். எந்தக் கருவி சொன்னாலும் ஏ, பி இரண்டையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். ஏ முடிந்ததும் சர்வர் பக்கம் போய் எல்லாப் பாதையும் திரும்பிவிட்டதா என்று, டிஸ்க்குக்குப் போகும் பாதைகளைக் கவனிக்கும் மல்டிபாத்தில் எண்ணிப் பாருங்கள். ஸ்விட்ச் சரி என்பது போதாது, சர்வர் சரி என்று சொல்ல வேண்டும். மறுநாள் பி.

மாற்றத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்டது வெறும் எஸ்எஸ்ஹெச்தான். கட்டளைகளை முதல் நாளே ஒரு கோப்பில் எழுதி, இன்னொருவர் வாசித்து, அதன்பின் ஒட்டுகிறோம். ஒவ்வொரு இரவும் ஆக்சிடைஸ்டு என்ற கருவி எட்டு ஸ்விட்ச்சின் கான்ஃபிக்கையும் இழுத்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டில் (Git) போடுகிறது. நேற்றைக்கும் இன்றைக்கும் என்ன மாறியது என்று வரி வரியாகத் தெரியும். அதற்கு ஆகும் செலவு ஒரு மிகச் சிறிய விஎம்.

போன் வழியாக டேட்டா சென்டர் ஆளிடம் வேலை சொல்பவர்களுக்கு ஒரு குறிப்பு. போர்ட் 14 என்று சொன்னால் அவர் 13ஐ உருவிவிடலாம், ஸ்விட்ச்சில் எண் பூஜ்ஜியத்தில் தொடங்குகிறது. போர்ட்பீக்கன் கட்டளை கொடுத்தால் அந்தப் போர்ட்டின் விளக்கு மினுக்கும். "மினுக்குறத மட்டும் தொடுங்க தம்பி" என்று சொன்னால் தவறவே மாட்டார்.

போகும் வழிக்கு முதல் செலவு

புயல் நாளுக்குத் திரும்புகிறேன். அன்று எங்களிடம் சான்நாவ் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதுவும் அலுவலக விபிஎன்னுக்குப் பின்னால்தான் இருந்திருக்கும், அதுவும் தெரிந்திருக்காது. எங்கள் வழி, டேட்டா சென்டரை விடப் பலவீனமான ஒரு கட்டடத்தின் வழியாகப் போனது. எந்த மென்பொருளாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அதனால் பட்ஜெட்டில் முதல் ரூபாயை இங்கே போட்டோம். விபிஎன் இப்போது இரண்டு டேட்டா சென்டரிலுமே நேராக முடிகிறது. ஸ்விட்ச்சுகளின் நிர்வாகப் போர்ட்டுகள் உற்பத்தி லேனின் கோர் ஸ்விட்ச்சில் தொங்கிக்கொண்டிருந்தன, அவற்றைத் தனிச் சின்ன ஸ்விட்ச்சுக்கு மாற்றினோம். ஒவ்வொரு ரேக்கிலும் 4ஜி மோடம் உள்ள ஒரு கன்சோல் சர்வர். அதிலிருந்து ஒவ்வொரு சான் ஸ்விட்ச்சின் சீரியல் போர்ட்டுக்கும் ஒரு கேபிள், 9600 பாட். மெதுவானதுதான். ஆனால் ஐபி முகவரி தவறாகப் போய்விட்டாலும், ஃபர்ம்வேர் ஏற்றும்போது ஸ்விட்ச் பாதியில் நின்றாலும், உள்ளே போகும் கதவு அது ஒன்றுதான். ஃபர்ம்வேர் ஏற்றும்போது டேட்டா ஓடிக்கொண்டிருக்க, நிர்வாகத் தொடர்பு மட்டும் சில நிமிடம் விழுந்து எழும். அந்தச் சில நிமிடங்களில் கன்சோலில் எழுத்து ஓடுவதைப் பார்ப்பதற்கும், பதில் வராத பிங்கைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

வழியைத் திறந்தால் பூட்டும் வேண்டும். சிவிஇ-2025-1976 என்ற ஓட்டை, ஃபேப்ரிக் ஓஎஸ் 9.1 வரிசையில் அட்மின் உரிமை உள்ளவரை முழு அதிகாரம் கொண்ட ரூட்டாக மாற வைத்தது. உண்மையான தாக்குதல்களில் பயன்பட்டதால், 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசின் சிசா அமைப்பு அதைத் தன் எச்சரிக்கைப் பட்டியலில் சேர்த்தது. சான் ஸ்விட்ச் உள்ளுக்குள் இருக்கிறது, யார் வரப்போகிறார்கள் என்று நினைக்கும் காலம் முடிந்துவிட்டது. நிர்வாகப் போர்ட் நேராக இணையத்தைப் பார்க்கவே கூடாது, ஜம்ப் சர்வர் வழியாக மட்டும், இரட்டைச் சரிபார்ப்போடு. ஸ்விட்ச்சிலேயே ஐபி ஃபில்டர் உண்டு, ஜம்ப் சர்வர், ஜாபிக்ஸ் இரண்டுக்கும் மட்டும் அனுமதி கொடுத்து மீதியை அடைத்துவிடுங்கள். ஜம்ப் சர்வரைப் புதுப்பிக்கும்போது மட்டும் கவனம். ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல் பழைய ஆர்எஸ்ஏ கையெழுத்து முறை இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது, பழைய ஃபர்ம்வேர் ஓடும் ஸ்விட்ச் திடீரென்று கதவைத் திறக்காது. ஸ்விட்ச்சின் ஃபர்ம்வேரை முதலில் ஏற்றுங்கள், பிறகு ஜம்ப் சர்வர்.

ஆக நாங்கள் எடுத்தது இதுதான். வழிக்குக் கன்சோல் சர்வரும் தனி நிர்வாக நெட்வொர்க்கும். கண்ணுக்கு மேப்ஸ், சிஸ்லாக், 64 பிட் எண்களோடு ஜாபிக்ஸ், கிரெடிட்டுக்கு மட்டும் ஒரு சின்ன ரெஸ்ட் ஸ்கிரிப்ட். மாற்றத்துக்கு எஸ்எஸ்ஹெச்சும் ஆக்சிடைஸ்டும். சான்நாவ் இப்போதைக்கு இல்லை. 6510 நான்கையும் மாற்றும்போது, புதியவற்றின் விலைக்குள்ளேயே பேஸ் லைசென்ஸையும் சேர்த்துக் கேட்பேன். டைரக்டர் வந்தாலோ, எனக்குத் துணையாக இன்னும் இருவர் வந்தாலோ அதற்கு முன்பே.

மாதத்தின் முதல் சனிக்கிழமை விபிஎன்னை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, வீட்டிலிருந்து 4ஜி வழியாக எட்டு கன்சோலிலும் நுழைந்து பார்க்கிறோம். போன மாதம் ஹைதராபாத் மோடம் பதில் தரவில்லை. சிம்முக்கு ரீசார்ஜ் முடிந்திருந்தது. அன்றே போட்டுவிட்டு, முடியும் தேதியையும் ஜாபிக்ஸில் ஓர் அலர்ட்டாகச் சேர்த்துவிட்டோம்.